விக்கிப்பீடியாவில் தொகுப்புத் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கும் பலருக்கும் சீக்கிரமே ஒரு சண்டை வந்துவிடும். பயிலரங்குகளிலும் வாட்சப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே சேர்த்திருக்கிறேன். தமிழ் விக்கியை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். ஆங்கில விக்கியில் வேறு ஏற்பாடு இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் மூன்று கேள்விகளைப் படித்தால் போதும், பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் எழுதினதை யாரோ அழிச்சிட்டாங்க. யார் அழிச்சாங்கன்னு எப்படிப் பார்ப்பது?

கட்டுரையின் மேலே வரலாற்றைப் பார்ப்பதற்கு ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் அந்தப் பக்கத்தில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் தேதி, நேரம், செய்தவர் பெயரோடு வரிசையாக வரும். இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் எந்தச் சொல் போனது, எது புதிதாக வந்தது என்று நிறம் போட்டுக் காட்டும். நீங்கள் எழுதியது எங்கேயும் போய்விடவில்லை, பழைய பதிப்பில் அப்படியே இருக்கிறது.

யார் என்பதைவிட, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தொகுப்புச் சுருக்கத்தை, அதாவது அந்த மாற்றத்துக்கு அவர் எழுதிய சிறு குறிப்பைப் பாருங்கள். 'சான்று இல்லை', 'விளம்பர நடை', 'பதிப்புரிமை மீறல்' என்று இரண்டு சொல்லில் காரணம் இருக்கும். பதிப்புரிமை என்றால் வாதாட இடமே கிடையாது. நாளிதழில் இருந்து பத்தியை எடுத்து ஒட்டியிருந்தால் அது போகத்தான் வேண்டும். 'சான்று இல்லை' என்றால் அது சண்டையே அல்ல. நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்து மறுபடி போடுங்கள்.

காரணமே சொல்லாம அழிச்சிருந்தா? நானும் திருப்பிப் போட்டுடலாமா?

போடலாம், ஆனால் போடாமல் இருப்பது நல்லது. ஆங்கில விக்கியில் ஒரு பழக்கம் உண்டு: தயங்காமல் மாற்று, யாராவது அதை மீளமைத்தால் (பழைய பதிப்புக்கே திருப்பினால்) அங்கேயே நின்று பேசு. இது விதி இல்லை. ஆனால் அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் மறுபடி போட்டால் அவர் மறுபடி அழிப்பார், அப்புறம் உங்கள் இருவர் பெயர்தான் வரலாறு முழுக்க இருக்கும். பார்க்க வரும் மூன்றாவது ஆளுக்கு யார் பக்கம் நியாயம் என்றே தெரியாது.

வெளிப்படையான விஷமத்துக்கு இது பொருந்தாது. பக்கத்தையே காலி செய்வது, கெட்ட வார்த்தை எழுதுவது போன்றவற்றைக் கேள்வி கேட்காமல் மீளமைக்கலாம். ஆனால் நமக்குப் பிடிக்காத தொகுப்பை எல்லாம் 'விஷமம்' என்று சொல்லி மீளமைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எதிராளி கட்டுரையை நல்லதாக்கத்தான் முயல்கிறார், தவறாகச் செய்கிறார் என்றால் அது விஷமம் ஆகாது.

பேச்சுப் பக்கத்தில் போய் என்னத்தை எழுதுவது?

ஒவ்வொரு கட்டுரைக்கும் அதைப் பற்றி விவாதிக்க ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், பின்னால் வரும் பதில்களுக்கும் உதவும். தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய கட்டுரை. 1010-ல் முடிந்த கோயில், விமானத்தின் உயரம் ஏறக்குறைய 66 மீட்டர். 'விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று ஒருவர் ஒரு வரி சேர்க்கிறார். இன்னொருவர் அதை நீக்குகிறார். சேர்த்தவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, "தமிழனின் பெருமையை மறைக்கப் பார்க்கிறீர்களா? யார் நீங்கள்?" என்று ஆரம்பிக்கிறார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவரும் பதிலுக்கு ஒன்று சொல்வார், அவ்வளவுதான்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கட்டடக்கலைப் பகுதியின் இரண்டாம் பத்தியில் நிழல் பற்றிய வரி நேற்று நீக்கப்பட்டிருக்கிறது. பரவலாகச் சொல்லப்படும் செய்தி என்பதால் ஒரு வரி இருக்கலாம் என்று நினைக்கிறேன். 'நிழல் தரையில் விழாது என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு, அது சரியல்ல' என்று சான்றோடு மாற்றிப் போட்டால் உங்களுக்குச் சம்மதமா?" எந்த வரி, ஏன் வேண்டும், மாற்று வாசகம் என்ன என்பது மூன்றும் இதில் வந்துவிட்டன. பதில் சொல்ல எதிராளிக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். எதிராளியின் பயனர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அவருக்கு அறிவிப்புப் போகும். இணைப்பும் கையொப்பமும் ஒரே சேமிப்பில் இருக்க வேண்டும். மறந்துவிட்டுப் பிறகு தனியாகச் சேர்த்தால் அறிவிப்புப் போகாது. 'கூப்பிட்டேன், மதிக்கவே இல்லை' என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

கேட்டேன், அவர் பதிலே சொல்லவில்லை. எத்தனை நாள் காத்திருப்பது?

எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை. ஒரு வாரம் பொறுங்கள். தமிழ் விக்கியில் பெரும்பாலானோர் வேலைக்குப் போய்வந்து இரவில் அரை மணி நேரம் எழுதுபவர்கள். அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்திலும் ஒரு வரி விட்டுவையுங்கள். அதன் பிறகும் பதில் இல்லை என்றால், நீங்கள் முன்மொழிந்த வாசகத்தைக் கட்டுரையில் சேர்த்து, 'பேச்சுப் பக்கத்தில் குறிப்பிட்டபடி' என்று சுருக்கத்தில் எழுதிவிடுங்கள். பேச்சுப் பக்கத்தில் பேசாமல் கட்டுரையில் மட்டும் மீளமைத்துக்கொண்டே இருப்பவர் மேல் பிறகு புகார் போகும்போது, உங்கள் அந்த ஒரு பத்திதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மூன்று முறை விதி என்கிறார்களே, அப்படியென்றால் மூன்று முறை மீளமைக்கலாமா?

நிறையப் பேர் இதை ஏதோ ரேஷன் அளவு போல வாங்கிக்கொள்கிறார்கள். ஆங்கில விக்கியில் 2004-ல் கொண்டுவந்த விதி இது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மற்றவரின் தொகுப்பை மீளமைக்கக் கூடாது. மூன்றுக்கு உள்ளே இருந்தால் தப்பில்லை என்று அர்த்தம் இல்லை. இருபத்தைந்தாவது மணி நேரத்தில் நான்காவதைப் போடுகிறவரை நிர்வாகிகள் (பக்கத்தைப் பூட்டவும் ஆளைத் தடுக்கவும் கருவிகள் உள்ள பயனர்கள்) எளிதாக அடையாளம் கண்டுவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது, மீளமைப்புகளை எண்ணுவது பக்கம் முழுவதற்கும்தான், வரிக்கு அல்ல. காலையில் முதல் பத்தியில் ஒன்று, மாலையில் கடைசிப் பத்தியில் வேறொன்று என்று மீளமைத்தாலும் இரண்டாக எண்ணப்படும். இஸ்ரேல்–பாலஸ்தீனம் தொடர்பான கட்டுரைகளில் ஆங்கில விக்கி இதை இன்னும் இறுக்கி, நாளுக்கு ஒரே ஒரு மீளமைப்பு என்று வைத்தது. தமிழ் விக்கியில் இவ்வளவு துல்லியமாக எண்ணுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் திரும்பத் திரும்ப மீளமைத்தால் பக்கம் பூட்டப்படும், அல்லது இரண்டு பேருக்குமே தடை விழும். சரியான பக்கத்தில் இருந்தேன் என்பது அங்கே சாக்கு ஆகாது.

நான் சொல்வதுதான் உண்மை. நேரில் போய்ப் பார்த்தவன் நான். அப்புறம் என்ன சான்று?

பெரிய கோயில் எடுத்துக்காட்டில் 'நிழல் விழாது' என்று சேர்த்தவர் கேள்விப்பட்டதை எழுதினார். நீக்கியவர் வந்து, "மாலை நாலு மணிக்குப் போய் நின்று பார்த்தேன், நிழல் நன்றாகவே விழுகிறது, படம்கூட எடுத்திருக்கிறேன்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அதை வைத்து ஒரு வரி எழுத முடியாது, ஏனென்றால் நாம் நேரில் கண்டு சொல்வது சொந்த ஆய்வுக் கணக்கில் போகும். வாசகர் வேறெங்கோ போய்ச் சரிபார்க்கக்கூடிய, வெளியான ஒரு நூலோ கட்டுரையோ வேண்டும். இருந்தாலும் சான்றில்லாத வரியை நீக்குவதற்கு அவருக்கு எந்தப் படமும் தேவையில்லை. சேர்ப்பவர்தான் சான்று கொடுக்க வேண்டும்.

இதில் பெரிய மனிதர்களுக்கும் விலக்கு இல்லை. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றின் நாயகன் யாரை வைத்து உருவானவன் என்பது பற்றி ஆங்கில விக்கியில் தவறாக இருக்கிறது என்று திருத்தக் கேட்டார். எழுதியவரே சொன்னாலும் வேறு வெளியீட்டுச் சான்று வேண்டும் என்று பதில் போனது. அவர் 2012-ல் நியூயார்க்கர் இதழின் இணையதளத்தில் ஒரு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வெளியான சான்றாகிவிட்டது, கட்டுரையில் அவர் விளக்கமும் ஏறியது. விக்கியைக் கிண்டல் செய்ய இந்தக் கதையை எடுத்துவருபவர்கள் உண்டு. எனக்கு என்னவோ ஏற்பாடு சரியாக வேலை செய்ததாகத்தான் படுகிறது. 'நான்தான் பிலிப் ராத்' என்று யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம் அல்லவா?

என்னிடம் ஒரு புத்தகம், அவரிடம் ஒரு புத்தகம். இப்போது என்ன செய்வது?

இதுதான் உண்மையான தகராறு. இதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் பழகாததால் வருபவை. முதலில் இரண்டும் ஒரே தரமா என்று பாருங்கள். கல்வெட்டுகளைப் படித்த ஆய்வாளரின் நூலும், கோயில் வாசலில் விற்கும் தலவரலாற்றுக் கையேடும் ஒன்றல்ல. கோயிலின் காலத்துக்கு ஆய்வாளரின் நூலைப் பிடியுங்கள், தலபுராணக் கதைக்குக் கையேட்டைப் பயன்படுத்தலாம்.

தரமும் சமம், கருத்து மட்டும் வேறு என்றால் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், யார் என்ன சொன்னார் என்று பெயரோடு எழுதிவிடலாம். நடுநிலை நோக்கு என்பது இதுதான். ஆனால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தம் இல்லை. துறையில் பத்து ஆய்வாளர்கள் ஒரு கருத்தும் ஒரே ஒருவர் மாற்றுக் கருத்தும் சொன்னால், அந்த ஒருவருக்கு ஒரு வரி போதும். அவருக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கினால் அது நடுநிலையாகத் தெரியும், உண்மையில் அவர் பக்கம் சாய்ந்ததாக இருக்கும்.

ஆங்கில விக்கியில் இலங்கைப் போர் பற்றிய கட்டுரைகளில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், இலங்கை நல்லிணக்கத்துக்கென்றே ஒரு விக்கித்திட்டம் (ஒரு தலைப்பில் எழுதுபவர்கள் சேர்ந்து வேலை செய்யும் குழு) தொடங்கினார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம், சான்றுகளைத் தரம் பிரித்ததுதான். சில ஊடகங்களை அப்படியே மேற்கோள் காட்டலாம். சார்புள்ளவை என்றால் 'இன்னார் கூற்றுப்படி' என்று சேர்த்தே காட்ட வேண்டும். சில கூடவே கூடாது. கட்டுரைக்குக் கட்டுரை, வரிக்கு வரி அடித்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் தலைப்பில் ஒரே சான்றைப் பற்றிச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்தச் சான்றைப் பற்றி மட்டும் ஒரு தடவை பேசி முடித்துவிடுங்கள்.

பெயரை எப்படி எழுதுவது என்றே சண்டை. இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள்?

போடுவார்கள். ஆங்கில விக்கியில் தயிர் பற்றிய கட்டுரையின் தலைப்பில் ஓர் 'எச்' எழுத்து வேண்டுமா வேண்டாமா (yoghurt, yogurt) என்று 2003 கடைசியில் தொடங்கிய விவகாரம் 2011 கடைசியில்தான் முடிந்தது. எட்டு ஆண்டு. நம்மிடம் கிரந்த எழுத்து, ஊர்ப் பெயர், வெளிநாட்டு ஆட்களின் பெயர் என்று அதற்குச் சமமான சரக்கு இருக்கிறது. எந்த வடிவத்தைத் தேடினாலும் வழிமாற்று மூலம் அதே கட்டுரைக்குத்தான் போகும் என்பதை நினைவில் வைத்தால் சூடு குறையும். ஏற்கெனவே இருக்கும் தலைப்பைப் பேச்சுப் பக்கத்தில் கேட்காமல் நகர்த்தாதீர்கள், அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

ஓட்டுப் போட்டு முடிச்சிடலாமே? நான் வேணா நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்.

வேண்டாம். விக்கியில் முடிவெடுப்பது இணக்க முடிவின்படி. தலைகளை எண்ணுவது கிடையாது, சொல்லப்பட்ட காரணத்தை எடைபோடுவார்கள். சான்றோடு பேசும் இரண்டு பேருக்கு எதிரே 'ஆதரவு', 'ஆதரவு' என்று மட்டும் எழுதும் பத்துப் பேர் வந்தாலும், விவாதத்தை முடித்துவைப்பவர் அந்த இரண்டு பேர் சொன்னதைப் பார்ப்பார். அபூர்வமாக ஓட்டெடுப்பும் நடந்திருக்கிறது. போலந்தின் கிதான்ஸ்க் நகரை எந்தக் காலத்துக்கு எந்தப் பெயரில் எழுதுவது என்று 2005-ல் ஆங்கில விக்கியில் ஓட்டெடுத்தார்கள். 1308 முதல் 1945 வரை டான்சிக் என்ற ஜெர்மானியப் பெயர், மற்றக் காலத்துக்குக் கிதான்ஸ்க் என்று முடிவானது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு எடுத்த முடிவு அது.

நண்பர்களைக் கூட்டிவருவது தனிக் குற்றம். வாட்சப் குழுவில் இணைப்பைப் போட்டு 'எல்லாரும் போய் ஆதரவு சொல்லுங்க' என்றால், அன்று மாலையே ஐந்து புதுக் கணக்குகள் ஒரே மாதிரி வாக்கியத்தோடு வந்து நிற்கும். பார்ப்பவர்களுக்குத் தெரியாதா என்ன? அந்தத் தலைப்பில் முன்பு எழுதிய எல்லாருக்கும், உங்களுக்கு எதிராக இருப்பவர்கள் உட்பட, ஒரே வாசகத்தில் தகவல் சொல்வதில் தவறில்லை.

இரண்டு பேருமே மசியவில்லை. மூன்றாவது ஆளை எங்கே பிடிப்பது?

தமிழ் விக்கியில் ஆலமரத்தடிக்குப் போங்கள். பொது உரையாடலுக்கான பக்கம் அதுதான். 'இன்ன கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் இன்ன வரி பற்றி உடன்பாடு எட்டவில்லை, கருத்துத் தேவை' என்று இரண்டே வரி. உங்கள் வாதம் முழுவதையும் அங்கே மறுபடி கொட்டினால் விவாதம் இரண்டு இடத்தில் ஓடி யாருக்கும் தலைகால் புரியாது. அந்தத் துறையில் தொடர்ந்து எழுதும் ஒருவரை அவருடைய பேச்சுப் பக்கத்தில் நேரடியாக அழைப்பதும் நம் விக்கியில் நன்றாகவே பலிக்கிறது.

ஆங்கில விக்கியில் படிப்படியாக ஏற்பாடு இருக்கிறது. இரண்டே பேருக்கு இடையில் என்றால் மூன்றாம் கருத்துக் கேட்கும் பக்கம். பலர் சம்பந்தப்பட்டிருந்தால் தகராறு தீர்க்கும் அறிவிப்புப் பலகை, அங்கே ஒரு தன்னார்வலர் நடுவில் இருந்து பேச்சை ஒழுங்குபடுத்துவார். அதற்கும் மேலே பொதுக் கருத்துக் கேட்பு, இது வழக்கமாக 30 நாள் ஓடும். முறையான சமரசக் குழு ஒன்றும் முன்பு இருந்தது, 2018-ல் மூடிவிட்டார்கள். எதில் போனாலும் முதலில் கேட்பது, 'பேச்சுப் பக்கத்தில் பேசினீர்களா?' என்பதுதான். பேசவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு எதற்கு? நிர்வாகி ஒருத்தர் வந்து யார் சொல்வது சரி என்று சொல்லிவிட்டால் முடிந்ததே?

அது அவர் வேலை இல்லை. பக்கத்தைப் பூட்டுவது, நீக்குவது, ஆளைத் தடுப்பது என்று சில கருவிகள் அவர் கையில் இருக்கின்றன. கோயிலின் காலத்தைப் பற்றி அவர் சொல்லும் கருத்துக்கும் நீங்கள் சொல்லும் கருத்துக்கும் ஒரே மதிப்புத்தான். அவரே அந்தக் கட்டுரையில் ஒரு கட்சி கட்டி வாதாடிக்கொண்டிருந்தால், அங்கே அந்தக் கருவிகளைத் தொடக்கூடாது. வேறு நிர்வாகியைத்தான் கூப்பிட வேண்டும்.

தொகுப்புப் போர் நடக்கும்போது அவர் பக்கத்தைக் காப்பில் வைப்பார். அந்த நேரத்தில் எந்தப் பதிப்பு இருந்ததோ அது அப்படியே நிற்கும். 'தப்பான பதிப்பில் பூட்டிவிட்டார்' என்று யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார். எந்தப் பதிப்பில் பூட்டினாலும் அது தப்பான பதிப்புத்தான் என்று விக்கி வட்டாரத்தில் ஒரு பழைய நகைச்சுவைக் கட்டுரையே உண்டு. பூட்டியதால் அந்தப் பதிப்பு சரி என்று ஆகிவிடாது. பேசி முடித்துவிட்டு வந்து திறக்கச் சொல்லுங்கள்.

அவர் என்னை மோசமாகத் திட்டுகிறார். இதையும் பேச்சுப் பக்கத்தில்தான் பேசணுமா?

கட்டுரை பற்றிய தகராறு வேறு, நடத்தை பற்றிய புகார் வேறு. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கட்டுரையை மட்டும் பேசுங்கள். திட்டை நிர்வாகிகளிடம் தனியாகக் கொண்டுபோங்கள். திட்டிய அந்தக் குறிப்பிட்ட தொகுப்பின் வேறுபாட்டு இணைப்பை (முன்பும் பின்பும் ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தின் இணைப்பை) கொடுங்கள், அது போதும். 'ரொம்ப நாளாகவே இப்படித்தான் பேசுகிறார்' என்று நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். பதிலுக்கு நீங்களும் திட்டியிருந்தால் அந்த இணைப்பு அவர் கையில் இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா விக்கிமீடியத் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை நெறி ஒன்றை, அவற்றை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வாரியம் 2020 கடைசியில் ஏற்றுக்கொண்டது. மிரட்டல், தனிநபர் விவரங்களை வெளியிடுவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது எல்லாம் அதில் வரும். ஆங்கில விக்கியில் 2004 முதல் நடுவர் குழு ஒன்றும் இருக்கிறது. அது நடத்தையைத்தான் விசாரிக்கும். கட்டுரையில் எது சரி என்று அந்தக் குழுவும் சொல்லாது.

எங்க சாதி பற்றிய கட்டுரையில் வேணும்னே தப்பா எழுதுறாங்க. என்ன செய்யலாம்?

நேர்மையாகச் சொன்னால், புதியவர்கள் தொடங்கக்கூடாத இடம் இது. சாதிக் கட்டுரைகளில் இரண்டு தரப்பும் ஆண்ட பரம்பரைப் பட்டியலோடு வருகிறார்கள். ஒரே சோழ மன்னரை நான்கு கட்டுரைகள் சொந்தம் கொண்டாடும். சான்றாகக் கொடுப்பது சாதிச் சங்க மலராக இருக்கும், இல்லையென்றால் 1909-ல் வந்த, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளாக இருக்கும். பிரிட்டிஷ் கால இனவரைவு நூல்களை இதற்கு நம்பகமான சான்றாக ஆங்கில விக்கி சமூகம் ஏற்பதில்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் யாரோ சொன்னதை அப்படியே எழுதி வைத்தார்கள் என்பதுதான் காரணம். அங்கே பல சாதிக் கட்டுரைகளை 30 நாளும் 500 தொகுப்பும் தாண்டிய கணக்குகள் மட்டுமே தொட முடியும்.

உயிரோடு இருக்கும் நடிகரையோ அரசியல்வாதியையோ ஒரு சாதியின் பட்டியலில் சேர்ப்பதற்கு, அவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. தமிழிலும் இதையே பின்பற்றச் சொல்வேன். மற்றபடி தரமான சமூகவியல், வரலாற்று நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன வழிகளிலேயே போங்கள்.

உயிரோடு இருப்பவரைப் பற்றிப் பொய்க் குற்றச்சாட்டு இருக்கிறது. அதற்கும் ஒரு வாரம் காத்திருக்கணுமா?

வேண்டாம். சான்றில்லாத, ஒருவருக்குக் கெட்ட பெயர் தரும் வரியை உடனே நீக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள். ஆங்கில விக்கியில் மூன்று முறை விதிகூட இதைத் தடுக்காது. 2005 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலர் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ விளையாட்டுக்கு எழுதிவைத்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அவர் நாளிதழில் எழுதிய பிறகு பெரிய சர்ச்சையாகி, வாழும் நபர்கள் பற்றிய கடுமையான கொள்கைக்கு வழிவிட்டது. நீக்கும்போது சுருக்கத்தில் அந்தப் பொய்யையே மறுபடி எழுதாதீர்கள், வரலாற்றில் அதுவும் நிற்கும்.

கட்டுரையே என்னைப் பற்றி, எங்கள் கம்பெனியைப் பற்றி என்றால் நானே திருத்தலாமா?

பெயரின் எழுத்துப்பிழை, தவறான பிறந்த ஆண்டு போன்றவற்றைத் திருத்தினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மற்ற எதுவாக இருந்தாலும் பேச்சுப் பக்கத்தில் நீங்கள் யார் என்று சொல்லி, மாற்றத்தைக் கேளுங்கள், வேறு யாராவது செய்யட்டும். காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. பி.ஆர். ஆட்களிடம் வேலையைக் கொடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

எதிராளியும் அவருக்கு ஆதரவாக வந்தவரும் ஒரே ஆள்தான் என்று எனக்குச் சந்தேகம்.

இருக்கலாம். ஆனால் விவாதத்தின் நடுவில் 'நீங்கள் கைப்பாவை' (ஒரே ஆள் ஏமாற்றுவதற்கு வைத்திருக்கும் இன்னொரு கணக்கு) என்று சொல்லாதீர்கள், தவறாக இருந்தால் நீங்கள்தான் அவமானப்படுவீர்கள். ஒரே மாதிரி எழுத்துப்பிழை, ஒருவர் ஓய்ந்ததும் மற்றவர் தொடங்குவது, இரண்டு கணக்கும் அதே நான்கு கட்டுரைகளில் மட்டும் வருவது என்று தடயங்களை இணைப்புகளோடு சேர்த்து நிர்வாகியிடம் கொடுங்கள். ஐபி விவரங்களைப் பார்க்கும் உரிமை மிகச் சிலருக்குத்தான் உண்டு. தனியாக அப்படி ஆட்கள் இல்லாத விக்கிகளுக்கு மேல்விக்கியில் (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைப்புத் தளம்) உள்ள மேலாளர்கள் சோதித்துச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு ஆள் என்றே தெரியவந்தாலும், வெளியில் இருந்து கூட்டிவந்த ஆளாக இருந்தால் ஓட்டுப் பற்றி மேலே சொன்னது பொருந்தும்.

நிர்வாகிகள் எல்லாரும் ஒரே கூட்டம். யாரிடம் போவது?

தொண்ணூறு சதவீதம் இது தோற்ற கோபத்தில் வரும் பேச்சு. மூன்று நிர்வாகிகள் தனித்தனியாக 'சான்று எங்கே?' என்று கேட்டால் அது சதி ஆகாது. மீதிக்கு வருவோம், அப்படியும் நடந்திருக்கிறது. குரோவேஷிய விக்கியில் ஒரு சிறு நிர்வாகிக் குழு ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆதிக்கம் செலுத்தி, இரண்டாம் உலகப் போர்க்கால வரலாற்றைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி எழுதிவைத்தது. கேள்வி கேட்டவர்கள் தடுக்கப்பட்டார்கள். கடைசியில் மேல்விக்கி வழியாக உலகளாவிய சமூகம் தலையிட்டது. 2021-ல் விக்கிமீடியா அறக்கட்டளையே அது பற்றி அறிக்கை வெளியிட்டது.

எனவே உள்ளூரில் கதவு அடைபட்டால் மேல்விக்கி இருக்கிறது, நடத்தை நெறியின் கீழ் முறையிடவும் வழி இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. தொகுப்பு வேறுபாடுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்த வேலையைச் செய்ய உட்காரும்போதே பலருக்குத் தங்கள் வழக்கு எவ்வளவு மெலிதானது என்று தெரிந்துவிடுகிறது.

விக்கிப்பீடியா மேல் கேஸ் போட்டுவிடுவேன் என்று சொன்னால் பயப்பட மாட்டார்களா?

பேச்சுப் பக்கத்தில் வழக்கு மிரட்டல் விடுத்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும், மிரட்டலைத் திரும்பப் பெறும் வரை. எழுதுவது, வழக்காடுவது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதுதான் நிலைப்பாடு. நீதிமன்றம் போவது அவரவர் உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் அவதூறு இருக்கிறது என்று 2024-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. கட்டுரையைத் தொகுத்தவர்களின் விவரமும் கேட்கப்பட்டது. அந்த வழக்கைப் பற்றியே விக்கியில் ஒரு கட்டுரை வர, அதை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எடுத்தும்விட்டார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு வரியை மாற்றுவதற்கு இது மிக நீளமான, செலவு பிடித்த வழி.

என்னைத் தடை செய்துவிட்டார்கள். இன்னொரு கணக்குத் தொடங்கலாமா?

தொடங்கினால் அதோடு கதை முடிந்தது. கைப்பாவை பற்றிய பதிலைப் பாருங்கள். தடுக்கப்பட்டாலும் பெரும்பாலும் உங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுத முடியும், தடைநீக்க வேண்டுகோளை அங்கே வையுங்கள். 'அவர்தான் முதலில் ஆரம்பித்தார்' என்று எழுதினால் நிராகரிக்கப்படும். தடைக்கு என்ன காரணம் என்று நீங்கள் புரிந்துகொண்டது, இனி என்ன செய்யமாட்டீர்கள் என்பது, இந்த இரண்டும் மூன்று வரியில் இருந்தால் போதும்.

ஒரு தடவை முடிந்துபோன விவாதத்தை மறுபடி கிளப்பலாமா?

கிளப்பலாம். இணக்க முடிவு மாறக்கூடியது. தயிர்த் தலைப்பும் பல முறை கேட்டுத் தோற்ற பிறகுதான் மாறியது. ஆனால் கேட்பதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும். அப்போது இல்லாத ஒரு நூல், புதிய அகழாய்வு அறிக்கை, அல்லது போன முறை யாரும் கவனிக்காத ஒரு சான்று. ஆள் மாறிவிட்டார்கள், இந்த முறை ஜெயிக்கலாம் என்பது காரணம் ஆகாது. பழைய விவாதம் பேச்சுப் பக்கத்தின் தொகுப்பகத்தில் (பழைய பேச்சுகளைச் சேர்த்துவைக்கும் துணைப்பக்கத்தில்) இருக்கும். அதற்கு இணைப்புக் கொடுத்து, 'அப்போது இன்ன காரணத்தால் வேண்டாம் என்று முடிவானது, இப்போது இன்ன நூலின் இத்தனையாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது' என்று தொடங்குங்கள். அப்போது எதிர்த்தவர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள், கையொப்பத்தோடு சேர்த்து.